அற்புதமா? ஐந்து விரல்களா?

கிணற்றடியில் ஒரு குழாய். குழாயடியில் ஒரு சிறுமி. கண்ணில் ஒளியில்லை, காதில் ஒலியில்லை, வாயில் மொழியில்லை. அவளது ஒரு கையில் தண்ணீர் கொட்டுகிறது. மறு கையில் ஓர் இளம்பெண் தன் விரல்களால் எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பதிக்கிறாள். சிறுமி திகைக்கிறாள். அவள் முகம் மலர்கிறது. பொருள்களுக்கெல்லாம் பெயர் உண்டு என்பதை உணர்கிறாள். திரை விழுகிறது. அரங்கம் அழுகிறது. கைதட்டல் அதிர்கிறது.

ஹெலன் கெல்லரின் கதை இவ்வளவே என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வில்லியம் கிப்சன் எழுதிய நாடகம் 1959இல் நியூயார்க் மேடையேறி, 1962இல் திரைப்படமாகி, அந்த எண்ணத்தை உலகெங்கும் பரப்பிற்று. ஆசிரியையாக நடித்தவருக்கும் ஆஸ்கர் பரிசு. சிறுமியாக நடித்தவருக்கும் ஆஸ்கர் பரிசு. நடிப்பிலே குறையில்லை. நாடகத்தின் பெயரில்தான் நமக்கு வழக்கு இருக்கிறது. 'அற்புதம் புரிபவர்' என்பது அதன் பொருள்.

அங்கே நடந்தது அற்புதமா?

பெயரில் என்ன இருக்கிறது, இதற்கொரு கட்டுரையா என்று கேட்பீர்கள். தோழர்களே, பெயரில் எல்லாம் இருக்கிறது. அற்புதம் என்றால் அது எங்கோ, என்றோ, யாருக்கோ வாய்ப்பது. நமக்கு வாய்க்கும்வரை காத்துக் கிடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. முறை என்றால் அப்படியன்று. முறையைக் கற்கலாம், கற்பிக்கலாம், கிடைக்காவிடில் உரிமையோடு கேட்கலாம். வீழ்ந்த மனிதர் எழுவது வரத்தாலா, வழியாலா? இந்த வழக்கிலே தீர்ப்புச் சொல்ல, ஹெலன் எழுதிய நூலையே சாட்சிக்கு அழைக்கிறோம்.

'என் வாழ்க்கைக் கதை' என்னும் அந்நூல் 1903இல் வெளிவந்தது. அப்போது ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரி மாணவி, வயது 22. நூலுக்கு மூன்று பகுதிகள். முதற்பகுதி அவரே கூறும் வரலாறு. இரண்டாம் பகுதி அவருடைய மடல்கள். மூன்றாம் பகுதி ஜான் மேசி என்பார் தொகுத்தளித்த துணைச் செய்திகள். ஆசிரியை ஆனி சல்லிவன், பாடம் நடத்திய நாள்களில் எழுதிய கடிதங்கள் அந்த மூன்றாம் பகுதியிலேதான் இருக்கின்றன. படிப்போரிற் பலர் முதற்பகுதியோடு நூலை மூடிவிடுகின்றனர். அச்சிடுவோரிற் சிலர் மூன்றாம் பகுதியை விட்டுவிட்டே அச்சிடுகின்றனர். நாம் சொல்கிறோம்: அந்நூலின் உயிர்நிலை மூன்றாம் பகுதி! முதற்பகுதியில் ஒளி தெரிகிறது. மூன்றாம் பகுதியிலே விளக்கேற்றிய கை தெரிகிறது.

1887 மார்ச் 3ஆம் நாள் ஆனி சல்லிவன் அலபாமா மாநிலத்துத் தஸ்கம்பியாவில் வந்திறங்கினார். அவருக்கு வயது 20. குழாயடி நிகழ்ச்சி ஏப்ரல் 5ஆம் நாள். இடையிலே 33 நாள்கள்! அந்த நாள்களில் அவர் அடிபட்டார். அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டார். வீட்டாரின் செல்லமே பாடத்துக்குத் தடையாவதைக் கண்டு, சிறுமியோடு தோட்டத்துச் சிறுவீட்டில் தனித்திருந்தார். சிறுமி விரலெழுத்துகளைத் திருப்பி எழுதக் கற்றுக்கொண்டாள். ஆனால் 'குவளை' எது, 'தண்ணீர்' எது என்பதில் குழம்பினாள். குழப்பத்தைத் தீர்க்கவே ஆசிரியை அவளைக் குழாயடிக்கு அழைத்துச் சென்றார். வானம் பிளக்கவில்லை, அசரீரி ஒலிக்கவில்லை. பாடத்திலே விழுந்த முடிச்சை அவிழ்க்க ஓர் ஆசிரியை செய்து பார்த்த சோதனை அது.

அதற்குப் பின் அவர் செய்தது இன்னும் வியப்புக்குரியது. ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்று. பதினைந்து மாதப் பிள்ளை. அப்பிள்ளை பேச்சை எப்படிப் பழகுகிறது என்று கூர்ந்து நோக்கினார். யாரும் அதற்குப் பாடம் எடுக்கவில்லை. சுற்றியிருப்போர் பேசுகிறார்கள், பிள்ளை பொருளைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால், காதுள்ள பிள்ளையின் காதிலே பேசுவதுபோல் ஹெலனின் கையிலே பேசுவோம் என்று முடிவு செய்தார். தனிச்சொற்களை விடுத்து முழு வாக்கியங்களாகவே விரலாற் பேசலானார். கண்டார், கருதினார், செய்தார், சரிபார்த்தார். இதற்குப் பெயர் அற்புதமாம்! அறிவியல் என்று சொல்ல ஏனோ நா கூசுகிறது.

அந்த விரலெழுத்து எங்கிருந்து வந்தது? அதுவும் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1837இல் பாஸ்டன் நகரத்தில் சாமுவேல் ஹவ் என்னும் மருத்துவர், பார்வையும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமிக்கு மொழி கற்பிக்கத் தொடங்கினார். 1842இல் நாவலாசிரியர் டிக்கன்ஸ் அப்பள்ளியைப் பார்த்து, லாராவைப் பற்றித் தம் அமெரிக்கப் பயண நூலில் எழுதினார். பல்லாண்டுக்குப் பின் ஹெலனின் தாய் அதைப் படித்தார். 'என் மகளுக்கும் வழியிருக்கும்' என்ற எண்ணம் பிறந்தது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல், பாஸ்டனிலுள்ள பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுதுமாறு தந்தைக்கு அறிவுரை கூறினார். பள்ளி ஆனியை அனுப்பியது. ஆனி கையோடு ஒரு பொம்மை கொண்டுவந்தார். அந்தப் பள்ளியின் பார்வையற்ற குழந்தைகள் அனுப்பிய பொம்மை அது. அதற்கு உடையணிவித்தவர் லாரா! ஹெலனின் கையில் முதன்முதலாய் எழுதப்பட்ட சொல்லும் 'பொம்மை'தான்.

இருளில் இருந்த ஒருத்தி, இருளில் இருக்கும் இன்னொருத்திக்கு அனுப்பிய பரிசு! ஐம்பது ஆண்டுத் தொடர் முயற்சியின் கடைசிக் கண்ணி அந்தக் குழாயடி. கடைசிக் கண்ணியை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால் அற்புதமாகத்தான் தோன்றும்.

இனி ஆனியின் கதைக்கு வருவோம். ஹெலனாவது வசதியுள்ள வீட்டில் பிறந்தவர். ஆனி, பிழைப்புத் தேடி அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடும்பத்தின் மகள். சிறுவயதிலேயே டிரக்கோமா எனும் தொற்றுக் கண்நோய் பார்வையைப் பறித்தது. தாய் இறந்தார். 1876இல் ஆனியும் தம்பி ஜிம்மியும் டியூக்ஸ்பரியிலிருந்த ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். சில மாதங்களில் ஜிம்மி அங்கேயே இறந்தான். நான்காண்டுகள் ஆனி அந்த விடுதியில் கிடந்தார். 1880இல் அதிகாரிகள் பார்வையிட வந்தபோது, அவர்கள் பின்னே சென்று, 'பள்ளிக்குப் போக வேண்டும்' என்று கதறினார். கதவு திறந்தது. எழுதப் படிக்கத் தெரியாமல் 14 வயதில் பெர்க்கின்ஸ் பள்ளிக்குள் நுழைந்தவர், 1886இல் முதல் மாணவியாக வெளிவந்தார். அறுவை மருத்துவம் ஓரளவு பார்வையை மீட்டுத் தந்தது.

இந்த வரலாற்றை நம் வகுப்பிலே சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அந்தத் தம்பிப் பையனுக்கு யாருமே வரலையா?" என்றான். நாம் ஆயத்தம் செய்திருந்த பாடக்குறிப்பிலே அதற்கு விடை இல்லை.

நாடகம் ஜிம்மியை மறக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனியின் நினைவிலே அவன் குரல் ஒலிக்கிறது. ஆனால் அங்கே அவன் ஆனியின் நெஞ்சை அரிக்கும் துயரம் மட்டுமே. ஒரு பிள்ளை சாகும்படியான விடுதியை ஒரு சமுதாயம் ஏன் வைத்திருந்தது என்ற கேள்வியாக அவன் எழவில்லை. துன்பத்திலிருந்து மீண்டோர் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் மீளாதவரை எண்ணுவதில்லை நாம். அக்காளுக்கு ஊக்கம் இருந்தது, தம்பிக்கு இல்லை என்று எவரேனும் சொல்வாரா? அக்காளுக்குக் கதவு திறந்தது, தம்பிக்குத் திறக்கவில்லை.

ஹெலனின் நூலுக்கும் குறையுண்டு. 22 வயது மாணவியின் நூல் அது. நன்றியும் மலர்மணமும் நிரம்பி வழிகின்றன. நோவு பச்சையாகத் தெரியும் இடம் ஒன்றே ஒன்றுதான். சிறுவயதில் அவர் எழுதிய 'உறைபனி மன்னன்' என்ற கதை, முன்பே வந்த வேறொரு கதையைப் போலிருந்ததால், திருட்டுப் பழி சுமத்தி விசாரித்தார்கள். என்றோ கையில் பேசப்பட்டு மறந்துபோன கதை, தன் கற்பனை போலவே மனத்தில் எழுந்தது என்பது அவர் தந்த விளக்கம். தாம் எழுதுவதிலே எது தமது, எது பிறரது என்ற அச்சம் பின்னும் தம்மைத் தொடர்ந்ததை அவர் மறைக்கவில்லை. அழகு குறைந்தாலும் உண்மை மிகுந்த பகுதி அது.

ஆனால் அவர் அந்த நூலோடு நிற்கவில்லை. 1904இல் பட்டம் பெற்றார். 1909இல் சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பச்சிளங் குழந்தைகளின் கண்ணழிக்கும் தொற்றைப் பிறந்தவுடன் இடும் வெள்ளி நைட்ரேட் சொட்டு மருந்தால் தடுக்கலாம் என்பதை, பெண்கள் படிக்கும் இதழிலே 1907இல் துணிந்து எழுதினார். அது பால்வினை நோயால் வருவதாதலின், வாய்திறந்து பேசவே பலர் நாணிய பொருள். அவர் கடவுள் நம்பிக்கையாளர். 1927இல் தம் சமயத்தைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். அப்படிப்பட்டவரும் குழந்தையின் கண்ணைக் காக்க வழிபாட்டை விதிக்கவில்லை, மருந்தை விதித்தார்! பிறவிக் குருட்டை 'முன்வினைப் பயன்' என்று சொல்லி மூலையில் உட்காரவைக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

ஏழ்மையும் பார்வையின்மையும் உடன்பிறப்புகள் என்று அவர் பேசத் தொடங்கியதும் நாட்டின் குரல் மாறியது. முன்பு அவரை வானளாவப் புகழ்ந்த நாளேட்டாசிரியர் ஒருவர், அவருடைய உடற்குறையே கருத்துப் பிழைக்குக் காரணம் என்று எழுதினார். குழாயடியில் நின்ற சிறுமிக்கு மாலை. கூலியைப் பற்றிப் பேசிய பெண்ணுக்கு வசை! திரை ஏன் குழாயடியிலேயே விழுகிறது என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

நாம் சிலை செய்து வணங்க வரவில்லை. 1915இல், உடற்குறையோடு பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை செய்ய மறுத்துச் சாகவிட்ட மருத்துவரை ஆதரித்து எழுதினார் ஹெலன். தம் வாழ்வே மறுப்பாக நிற்கும் ஒரு கருத்தை அவரே ஏற்றார். பிழைதான், பெரும்பிழை. துன்பப்பட்டவர் சொல்வதெல்லாம் சரி என்பதும் ஒருவகை மூடநம்பிக்கையே.

ஆனால் தம் கதையைத் தாமே திருத்திக்கொள்ளும் நேர்மையும் அவரிடம் இருந்தது. மனிதர் ஒவ்வொருவரும் தம் வாழ்வைத் தாமே ஆக்கிக்கொள்ள முடியும் என்று ஒரு காலத்தில் நம்பியதாகவும், தொழிலாளர் வாழும் இடங்களைக் கண்டறிந்த பின், உயரும் ஆற்றல் எல்லோர் கைக்கும் எட்டுவதன்று, தமது வெற்றியிலே பிறப்பும் சூழலும் தந்த பங்கு உண்டு என்று உணர்ந்ததாகவும் 1929இல் வந்த தம் பிற்கால வரலாற்று நூலில் எழுதினார். முதல் நூலை நூறு பேர் படித்தால் இந்த இரண்டாம் நூலை ஒருவராவது படிக்க வேண்டாமா?

அப்படியானால் மீட்சி என்பதுதான் என்ன? இழந்தது திரும்புவதா? ஹெலனுக்குப் பார்வையும் வரவில்லை, செவியும் வரவில்லை. ஆனிக்கு வந்த பார்வையும் நிலைக்கவில்லை. 1936இல் இறக்குமுன் அது மீண்டும் மங்கி மறைந்தது. ஜிம்மியின் நினைவு அவரை விட்டு அகலவுமில்லை. புண் இருந்தது, புண்ணோடு வாழ்வும் இருந்தது. பேசக் கிடைத்த மொழி, செய்யக் கிடைத்த வேலை, பற்றிக்கொள்ள ஒரு கை — இவை வாய்த்தபோது துன்பம் அவர்களை ஆளும் தகுதியை இழந்தது. மீட்சி என்று நாம் சொல்வது அதைத்தான்.

துயரிலிருந்து மீண்டோர் கதைகள் இன்றும் ஏராளமாய் எழுதப்படுகின்றன. எழுதட்டும், வரவேற்போம். ஆனால் அவற்றை எடைபோடும்போது மூன்று கேள்விகள் கேட்போம். கைகொடுத்தவர் யார் என்று சொல்லியிருக்கிறதா? கதவு எப்படித் திறந்தது என்று காட்டியிருக்கிறதா? கதவுக்கு வெளியே நின்றுவிட்டவர் எத்தனை பேர் என்ற எண்ணம் எழுதியவருக்கு உண்டா? இம்மூன்றும் இல்லாத கதை, துன்புறுவோனைப் பார்த்து 'அவளால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?' என்று குத்திக்காட்டும் முள்ளாகிவிடும். விழுந்தவனுக்கு ஊன்றுகோல் தரவேண்டிய எழுத்து, அவன் முதுகிலே விழும் கோலாகலாமா?

மறுநாள் அந்த மாணவனுக்கு விடை சொன்னோம். "இல்லை தம்பி, ஜிம்மிக்கு யாரும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்" என்றோம். அவன் சற்று நேரம் நின்றான். பிறகு, அந்த விரலெழுத்தைத் தனக்குக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டான்.

அதைத்தான் இப்போது நாமும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.