டச்சு ஸ்ட்ரைக்கர்: இரு பள்ளிகளும் ஓர் அளவுகோலும்

நெதர்லாந்தின் முதல்நிலை கால்பந்து லீக்கான எரெடிவிசி 1956-இல் தொடங்கியது. அதில் இன்றுவரை அதிகக் கோல் அடித்தவர் வில்லி வான் டெர் கய்லன். மொத்தம் 311 கோல்கள். மூன்று தவிர மற்ற அனைத்தும் ஐந்தோவன் நகரின் பிஎஸ்வி அணிக்காக அடித்தவை. ஆனால் தேசிய அணிக்கு அவர் ஆடியது 22 ஆட்டங்கள் மட்டுமே, அடித்தது 7 கோல்கள். நட்சத்திர ஆட்டக்காரர் யோஹன் க்ரைஃபைச் சுற்றியிருந்த ஆம்ஸ்டர்டாம் குழுவோடு மூண்ட பூசலில் 1975-இல் பயிற்சி முகாமை விட்டே வெளியேறினார். பூசலுக்கு ஆளுமை மோதல் ஒரு காரணம். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: ஸ்ட்ரைக்கர் என்பவர் எதற்காகக் களத்தில் நிற்கிறார் என்பதில் அந்த நாட்டுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் இருந்தன.

முதல் கருத்து ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப்பினுடையது; அதை முதல் பள்ளி எனலாம். அங்கே 4-3-3 அமைப்பே இலக்கணம். இரண்டு விங் ஆட்டக்காரர்கள் எல்லைக்கோட்டை ஒட்டி நின்று களத்தை அகலமாக்குவார்கள். நடுவில் நிற்கும் ஒன்பதாம் எண்காரர் தடுப்பாளரை முதுகில் தாங்கியபடி வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்கி, ஓடி வருபவருக்குத் தள்ளிவிட வேண்டும். பந்து பறிபோன கணமே முதலில் நெருக்கடி கொடுக்க வேண்டியவரும் அவர்தான். அயாக்ஸின் இளையோர் பிரிவு சிறுவர்களை நான்கு தகுதிகளால் எடைபோடுவதாகச் சொல்லிக்கொண்டது: நுட்பம், ஆட்ட அறிவு, ஆளுமை, வேகம். கோல் எண்ணிக்கை இந்தப் பட்டியலில் இல்லை. க்ரைஃப் இதை இன்னும் ஒரு படி தள்ளினார். 1974 உலகக் கோப்பையில் பெயருக்கு அவர் நடு முன்கள ஆட்டக்காரர். நின்றதோ பாதி நேரம் நடுக்களத்தில். மேற்கு ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் முதல் நிமிடத்தில் அங்கிருந்துதான் ஓட்டத்தைத் தொடங்கி, பெனால்டி பெற்றுத் தந்தார். அப்போது ஜெர்மானியர் ஒருவர்கூடப் பந்தைத் தொட்டிருக்கவில்லை. ஆட்டத்தை 2-1 என்று வென்றது ஜெர்மனி என்பது வேறு விஷயம்.

இரண்டாவது பள்ளிக்கு ஸ்ட்ரைக்கரின் வேலை கோல் அடிப்பதுதான். அதற்குக் கட்டடமோ பாடத்திட்டமோ கிடையாது. பெரிய கிளப்புகளின் கண்ணில் படாமல், அல்லது பட்டும் ஒதுக்கப்பட்டு, சிறு நகர அணிகளில் தாமதமாக முதிர்ந்தவர்களின் வழி அது. கிளாஸ்-யான் ஹுன்டலாரை பிஎஸ்வி வளர்த்தது, ஆனால் பயன்படுத்தவில்லை. அப்பல்டோர்ன் நகரின் இரண்டாம்நிலை அணிக்கு இரவலாகப் போய்க் கோல் குவித்த பிறகே ஹேரென்வேன் கிளப் அவரை எடுத்தது. அங்கிருந்து அயாக்ஸ், ரியால் மாட்ரிட், ஷால்கே. தேசிய அணிக்கு 76 ஆட்டங்களில் 42 கோல்கள் அடித்தும் அவர் பெரும்பாலும் இரண்டாம் தேர்வாகவே இருந்தார். ராய் மக்காய் 2003-இல் ஐரோப்பாவின் தங்கக் காலணியையே வென்றவர். அவர் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

இந்த இரண்டு பள்ளிகளும் ஒரே உடம்பில் சேர்ந்தது மார்கோ வான் பாஸ்டனிடம். அவரே அளவுகோல். 1964-இல் உட்ரெக்டில் பிறந்து, அங்குள்ள சிறு கிளப்புகளில் ஆடிவிட்டு அயாக்ஸுக்கு வந்தவர். 1982 ஏப்ரலில் முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியது க்ரைஃபுக்குப் பதிலாக. அன்றே ஒரு கோலும் அடித்தார். 1985-86 பருவத்தில் 26 லீக் ஆட்டங்களில் 37 கோல்கள். 1987-இல் ஏதென்ஸில் நடந்த கோப்பை வென்றோர் கோப்பை இறுதி ஆட்டத்தில், க்ரைஃப் பயிற்சியாளராக இருக்க, லைப்ஸிக் அணிக்கு எதிரான ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டார். பிறகு இத்தாலியின் மிலான் அணி.

1988-இல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில் வான் பாஸ்டன் தொடங்கியது மாற்று வரிசையில், 12-ஆம் எண் சட்டையோடு. சோவியத் அணியிடம் முதல் ஆட்டம் தோற்ற பிறகே பயிற்சியாளர் ரைனஸ் மிகெல்ஸ் அவரைத் தொடக்க அணியில் சேர்த்தார். இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல்கள். ஹாம்பர்க் அரையிறுதியில் 88-ஆம் நிமிடம், சறுக்கியபடியே ஜெர்மன் வலைக்குள் ஒன்று. மியூனிக் இறுதியில், ஆர்னால்ட் மியூரன் உயரத் தூக்கி அனுப்பிய பந்தைத் தரை தொடவிடாமல், ஏறக்குறைய கோணமே இல்லாத இடத்திலிருந்து சோவியத் கோல்கீப்பர் தசாயெவைத் தாண்டி அடித்தது ஒன்று. எல்லாரும் நினைவில் வைத்திருப்பது கடைசிக் கோலை. ஸ்ட்ரைக்கரின் தொழிலைப் படிக்க நினைப்பவருக்கு அரையிறுதிக் கோலே நல்ல பாடம்: தடுப்பாளரைவிட அரை அடி முன்னால் போய்ச் சேருவதில்தான் அது முடிந்தது.

தங்கப்பந்து விருது மூன்று முறை (1988, 1989, 1992), மிலானோடு இரண்டு முறை கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை. ஆனால் கணுக்கால் அயாக்ஸ் நாள்களிலேயே பழுதாகியிருந்தது. பின்னாலிருந்து வரும் உதைகளை இத்தாலிய லீக் அன்று பெரிதாகத் தண்டிக்கவில்லை. 1993 மே மாதம் மார்சேய் அணியிடம் தோற்ற சாம்பியன்ஸ் லீக் இறுதியே அவர் ஆடிய கடைசிப் போட்டி. அறுவை சிகிச்சைகள் பலன் தராமல் 1995-இல் ஓய்வை அறிவித்தபோது வயது 30.

அவருக்குப் பின் பள்ளிகள் மறுபடி பிரிந்தன. பாட்ரிக் க்ளைவர்ட் அயாக்ஸின் முழுமையான மாணவர். 1995 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மிலானுக்கு எதிரான ஒரே கோலை அடித்தபோது வயது 18. டென்னிஸ் பெர்க்காம்ப் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஒரு நிழல் இடத்தையே தனதாக்கிக்கொண்டார். எதிர்முனையில் ருட் வான் நிஸ்டல்ரூய்: டென் போஸ், ஹேரென்வேன், பிஎஸ்வி என்று படியேறியவர். 2000-இல் முழங்கால் காயத்தால் மான்செஸ்டர் யுனைடெட் பேரம் முறிந்தது. ஓராண்டு காத்திருந்து அங்கேயே போய் 219 ஆட்டங்களில் 150 கோல்கள் அடித்தார். ஏறக்குறைய எல்லாமே பெனால்டி பகுதிக்குள்ளிருந்து. அதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்பே தெரிவதும் ஆட்ட அறிவுதான் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ராட்டர்டாமின் ராபின் வான் பெர்சி இந்தப் பிரிவினைக்குள் அடங்காதவர். ஃபெயனூர்ட் கிளப்பில் இடது விங்; ஆர்சனலில் பயிற்சியாளர் வெங்கர் அவரை நடுவுக்கு நகர்த்தினார். 2014-இல் சால்வடாரில் ஸ்பெயினுக்கு எதிராகப் பாய்ந்து தலையால் முட்டிய கோல் உட்பட, நாட்டுக்காக 102 ஆட்டங்களில் 50 கோல்கள். தேசிய அணிக்கு அதிகக் கோல் அடித்தவர் என்ற அவரது சாதனையை 2025-இல் முறியடித்த மெம்ஃபிஸ் டெபாயும் பிஎஸ்வியில் இடது விங்கில் தொடங்கி நடுவுக்கு வந்தவர்தான். பழைய பாணி ஒன்பதாம் எண் அடியோடு மறைந்துவிடவில்லை. 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்தபோது களமிறக்கப்பட்டவர் நெட்டையான வவுட் வெக்ஹார்ஸ்ட். சிறு கிளப்புகள் வழியே வந்தவர். ஒன்றைத் தலையாலும், ஆட்டத்தின் கடைசி நொடிகளில் இன்னொன்றைக் காலாலும் அடித்துச் சமன் செய்தார். பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா வென்றது.