அரசியல் வேண்டாம், சரி, ஆராயவும் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஓசூர் இராமநாயக்கன் ஏரிக்கரையில், கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். ஒருவர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவர். மற்றொருவர் எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்; வீட்டில் பேசுவது கன்னடம். மூன்றாமவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பள்ளி ஆசிரியை. எல்லோரும் சேர்ந்து நீர்க்காகங்களையும் நாமக்கோழிகளையும் எண்ணுகிறார்கள். எண்ணியதை உடனே வாட்ஸ்அப் குழுவில் பதிகிறார்கள்.

இப்படி ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழு கற்பனைதான், ஆனால் அதற்குள் எழுந்த பூசல் கற்பனையன்று. 2025 செப்டம்பர் இறுதியில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ என்னும் செயலிக்குத் திடீரென்று பெருங்கூட்டம் சேர்ந்தது. சுதேசிப் பொருளை ஆதரிப்போம் என்று மத்திய அமைச்சர்கள் சிலர் வேண்டுகோள் விடுத்திருந்தனர். நாள்தோறும் 3,000 ஆக இருந்த புதிய சேர்க்கை மூன்றே நாட்களில் 3,50,000 ஆக உயர்ந்தது என்று நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். நம் ஏரிக்கரைக் குழுவைப் போன்ற பல குழுக்களிலும் அதே கேள்வி எழுந்தது: நாமும் மாறலாமா?

ஒருவர் “நம் நாட்டுச் செயலி, மாறியே தீர வேண்டும்” என்கிறார். இன்னொருவர் “அமைச்சர் சொன்னதற்காகவா?” என்று மடக்குகிறார். பத்தே நிமிடத்தில் பறவைகள் பறந்துபோய், கட்சிகள் வந்து இறங்கிவிடுகின்றன. குழுவை நடத்துபவர் பதறிப்போய் எழுதுகிறார்: “இங்கே அரசியல் வேண்டாம். இது பற்றி இனி யாரும் பேசக்கூடாது.” பேச்சு நின்றது, கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இந்தத் தீர்ப்பு சரிதானா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

விதி வீணானதன்று

முதலில் அந்த விதிக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். பொழுதுபோக்குக் குழுக்களில் அரசியலை விலக்கும் வழக்கம் வாட்ஸ்அப்புடன் தோன்றியதன்று. ‘ஹாம்’ எனப்படும் வானொலி ஆர்வலர்கள் பல காலமாகப் போற்றிவரும் மரபு அது. நாடு விட்டு நாடு பேசும் ஆர்வலர்கள், தம் கலை பற்றிய செய்திகளையும் சொந்தக் குறிப்புகளையும் மட்டுமே பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளே வரையறுக்கின்றன. அந்தக் கட்டுப்பாட்டினால் நட்பு கெடாமல் நின்றது. ஆபத்தில் உதவவும் செய்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அங்கு ஏற்கனவே சென்றிருந்த இந்திய ஹாம் குழுவினர்தாம் போர்ட் பிளேயரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பி உதவினர்.

எல்லையோர ஊர்களுக்கு இந்த விதியின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. ஓசூர் எல்லையில் போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் கலந்த குழு ஒன்று உடையாமல் இருக்க வேண்டுமானால், “இங்கே பறவையைப் பற்றி மட்டும் பேசுவோம்” என்ற ஒரு வேலி தேவையே.

ஆனால் வேலி பயிரைக் காக்க இருப்பது. உழுவதற்கே தடையாக நின்றால் அதனால் என்ன பயன்?

ஒரு சொல், மூன்று பொருள்

குழப்பம் ‘அரசியல்’ என்ற சொல்லில் இருக்கிறது. நம் குழுவில் அச்சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. கட்சிச் சண்டை ஒன்று. ஏரி, ஆறு, சாக்கடை போன்ற பொதுப் பிரச்சினை இரண்டாவது. நாம் பயன்படுத்தும் கருவி யாருடையது, அதன் விதிகளை எழுதுபவர் யார் என்ற விசாரணை மூன்றாவது. முதலாவதை விலக்கலாம், விலக்குவதே நல்லது. இரண்டாவதை அளவறிந்து பேசலாம். மூன்றாவதை விலக்கவே முடியாது. ஏனெனில், பேசாமல் விட்டாலும் ஒரு தேர்வு நடந்துவிடுகிறது. பழைய இடத்திலேயே இருப்பதும் ஒரு முடிவுதான். பழகிய கருவி பழகிவிட்ட காரணத்தால் நடுநிலையானது ஆகிவிடாது. 2014இல் வாட்ஸ்அப் ஃபேஸ்புக் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2021இல் அது கொண்டுவந்த புதிய நிபந்தனைகளுக்காக, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது; வழக்கு மேல்முறையீட்டுக்கும் சென்றது.

எனவே பேசலாமா கூடாதா என்று கேட்பதை விட்டு, எப்படிப் பேசுவது என்று கேட்க வேண்டும். இதற்கு விஞ்ஞானத்தில் ஒரு நல்ல வழி உண்டு.

பெயரை மறைத்துச் சோதிப்போம்

புதிய மருந்தைச் சோதிக்கும்போது, எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பதை நோயாளியிடமும் மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறார்கள். பெயர் தெரிந்தால் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பதே காரணம். செயலிகளையும் அவ்வாறே ‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று பெயரிட்டு, சரிபார்க்கக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: சாவி யாரிடம் இருக்கிறது? ‘முனைக்கு முனை மறையாக்கம்’ என்பதைப் பூட்டிய பெட்டிக்கு ஒப்பிடலாம். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே சாவி வைத்திருக்கிறார்கள். எடுத்துச் செல்லும் அஞ்சல்காரரால் திறக்க முடியாது. வாட்ஸ்அப் 2016இல் இம்முறையை முழுமையாகக் கொண்டுவந்தது. டெலிகிராமில் சாதாரணக் குழுக்களுக்கு இது இல்லை. அரட்டைக்குக் கூட்டம் சேர்ந்த அந்த நாட்களில் அதன் எழுத்துச் செய்திகளுக்கும் இது இல்லை. கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது. இத்தகைய நிலை மாதத்துக்கு மாதம் மாறும். ஆகையால் முடிவெடுக்கும் நாளில் மீண்டும் சரிபார்க்க வேண்டும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது: பெட்டி பூட்டியிருந்தாலும், யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது மேலட்டையில் தெரியும். மேலும், இருநூறு பேர் உள்ள குழுவில் எவர் வேண்டுமானாலும் படித்ததை வெளியே அனுப்பிவிடலாம். எனவே அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை, எவ்வளவு நல்ல பூட்டு இருந்தாலும், பெருங்குழுவில் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது கேள்வி: உறுப்பினரின் தொலைபேசி எண் முன்பின் அறியாதவர் கண்ணில் படுமா? ஆண்களுக்கு அற்பமாகத் தோன்றும் இக்கேள்வியினால்தான் பெண்கள் பலர் இத்தகைய குழுக்களில் சேரத் தயங்குகிறார்கள்.

மூன்றாவது கேள்வி: பழைய, விலை மலிந்த கைபேசியில் ஓடுமா? ஷிஃப்ட் தொழிலாளியின் கைபேசியில் நிறுவ முடியாத செயலி எவ்வளவு உயர்ந்ததாயினும் நம் குழுவுக்குத் தாழ்ந்ததே.

இக்கேள்விகளில் ஒன்றுக்காவது கட்சி தேவைப்படுகிறதா? “சுதேசி” என்று சொல்பவரின் வாதத்திலும் சோதிக்கத்தக்க ஒரு கூறு உண்டு: தகவல் எந்த நாட்டுக் கணினியில் சேமிக்கப்படுகிறது, எந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது என்பது நியாயமான கேள்வி. ஆனால் பிறந்த ஊர் ஒன்றே தரத்துக்குச் சான்றாகாது. அமைச்சர் பரிந்துரைத்தார் என்பதனால் ஒரு செயலி நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது.

பேச்சு வேறு, பதிவு வேறு

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்விக்கு வருவோம். செயலி நாளை மூடப்பட்டால் நம் பதிவுகள் என்ன ஆகும்?

இது வீண் அச்சமன்று. யாஹூ நிறுவனத்தின் குழுச் சேவையில் உலகெங்கும் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்தார்கள். நிறுவனம் பழைய பதிவுகளை நீக்கி, 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. நமக்கு அருகிலுள்ள பெங்களூரில் 2020இல் தோன்றிய ‘கூ’ செயலியும் அப்படித்தான். 2021இல் அமைச்சர்கள் உட்படப் பலரும் அதற்கு மாறினர். 2024 ஜூலையில் அது மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. முன்னது அமெரிக்க நிறுவனம், பின்னது இந்திய நிறுவனம். மூடுவிழாவில் வேறுபாடு இல்லை.

இங்கேதான் நம் குழு செய்யும் அடிப்படைத் தவறு புலப்படுகிறது. பேச்சு, பதிவு என்ற இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறோம். “நாளை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்?” என்பது பேச்சு, நாளைக்குப் பிறகு அதற்கு மதிப்பில்லை. “இன்று ஏரியில் 46 நாமக்கோழிகள்” என்பது பதிவு; இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அதன் முழு மதிப்பும் தெரியும். ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் 2023ஆம் ஆண்டு அறிக்கை சுமார் 30,000 ஆர்வலர்கள் தந்த 3 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டது. அவையெல்லாம் அரட்டைப் பேச்சில் புதைந்து கிடந்திருந்தால் அந்த அறிக்கை பிறந்திருக்குமா?

அந்தக் குறிப்புகள் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய ‘ஈபேர்ட்’ என்னும் பொதுப் பதிவேட்டில் சேர்ந்தவை. இதிலும் உரிமையாளர் கேள்வி உண்டு. அயல்நாட்டு நிறுவனம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதில் எழுதியவர் தம் பதிவுகள் முழுவதையும் திரும்ப எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். கதவு திறந்திருக்கும் வீட்டில் குடியிருக்க அஞ்ச வேண்டியதில்லை. பதிவைப் பாதுகாப்பாக வேறிடத்தில் வைத்துவிட்டால், பேச்சுக்கு எந்தச் செயலி என்ற சண்டையின் சூடு பாதி தணிந்துவிடும். இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று மாறலாம்.

நிலையான தீர்வு இன்னும் மேலே இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் போகிறது. இதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. செய்திச் செயலிகளும் அவ்வாறு ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று, பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றியது. இதே கருத்தை ஸ்ரீதர் வேம்புவும் 2025இல் வெளியிட்டார். அது கைகூடினால், குழு முழுவதும் ஒரே செயலிக்கு மாற வேண்டிய கட்டாயமே இராது.

நுரை அரசியலா?

கடைசியாக ஒரு சோதனை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் வெண்ணுரை பொங்க வெளியேறுவதை வாசகர்கள் படத்திலாவது கண்டிருப்பார்கள். பெங்களூரின் கழிவுநீர் ஏரிகள் வழியாக ஆற்றில் கலக்கிறது. அதிலுள்ள சோப்புப் பொருள்கள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. மதகில் நீர் மோதிக் காற்றுடன் கலக்கும்போது நுரை எழுகிறது. தென்பெண்ணை நீர் பற்றித் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்திருக்கிறது. நம் அன்பர் ஒருவர் நுரைக்கு நடுவே நிற்கும் கொக்கைப் படம் எடுத்துப் போடுகிறார். “அரசியல்” என்று அது நீக்கப்படுகிறது!

“கர்நாடகக்காரர்கள் இப்படித்தான்” என்று அவர் எழுதியிருந்தால் நீக்கியது சரி. தேதி, இடம், நுரையின் பரப்பு, கொக்குகளின் எண்ணிக்கை என்று எழுதியிருந்தால் அது பதிவு. அத்திப்பள்ளி அன்பரும் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ள முடியும். ஆறு அவர் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதால், மேற்பகுதியில் எண்ணிச் சொல்லவும் அவரால்தான் முடியும். பேச்சு வேறு, பதிவு வேறு என்ற அதே வரையறை இங்கும் பொருந்துவதைக் காணலாம்.

ஆகவே குழு நடத்துபவர்களுக்கு நம் யோசனை இது. “அரசியல் வேண்டாம்” என்ற ஒரு வரியைத் திருத்தி எழுதுங்கள்: “கட்சிகளையும் இனங்களையும் பழிக்கும் பேச்சு வேண்டாம், சரிபார்க்கத்தக்க செய்தி எதுவாயினும் வரலாம்.” செயலி பற்றிய கேள்வியை ஆண்டுக்கு ஒருமுறை, கேள்விப் பட்டியலுடன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நேருக்கு நேர் பேசி முடிவு செய்யுங்கள். முகம் பார்த்துப் பேசும்போது சண்டை குறைவு என்பது அனுபவம். அதற்கு முன் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள்: இதுவரை எண்ணிய எண்ணிக்கைகளையெல்லாம் எடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது எழுதி வையுங்கள். அந்த நோட்டை எந்த நிறுவனமும் மூட முடியாது.