நெய்ச்சோறும் யானைக்காலும்

புறநானூற்றின் 188ஆம் பாட்டை நம்மவர்களின் பிறந்தநாள் மேடைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. பிள்ளைப்பேற்றின் பெருமை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கோ அது வேலை மிகுந்த ஒருவனின் சாப்பாட்டு வேளையைப் பற்றிய பாட்டு.

பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி, அரசன். அவனுடைய வேலை என்ன என்பதை நான்கு பாட்டு முன்னால், 184இல், பிசிராந்தையார் சொல்லிவிடுகிறார்: வரி வாங்குவது. அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லே யானைக்குப் பல நாள் காணும். அதே யானை தானாக வயலில் புகுந்தால், வாய்க்குப் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். முறையறிந்து வாங்கு என்று அரசனுக்கே புத்தி சொல்கிறார்.

இந்தத் தலைவலிகளோடு இருப்பவன் பாடிய பாட்டில், பலரோடு உண்ணும் செல்வரின் பந்திக்குள் ஒரு குழந்தை குறுகுறுவென்று நடந்து வருகிறது. கையை நீட்டுகிறது. கலத்துச் சோற்றைத் தரையில் இடுகிறது, தோண்டுகிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. வினைச்சொல்மேல் வினைச்சொல். அரைக்கண்ணால் பார்த்தவனாக இருந்தால், குழந்தை சோற்றை இறைத்தது என்று ஒரே வினையில் முடித்திருப்பான். அங்கே நெல் வீணாவது நாட்டுக்கே கேடு, இங்கே சோறு வீணாவதுதான் இன்பம்.

ஆக்லாந்தில் குளிர்காலத்து மாலை 6.30, வீட்டில் தட்டு வைக்கும் நேரம். சென்னையில் அப்போது நண்பகல் 12, அலுவலகம் சூடுபிடித்திருக்கும். ஐடியில் இருக்கும் எங்களில் பலர் காதில் ஹெட்செட்டோடு, மைக்கை மட்டும் அணைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறோம். பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறது. நமக்குக் கிடைப்பது அந்த ஒற்றை வினைதான்.

பாட்டோடு எனக்கு இரண்டு மனத்தாங்கல் உண்டு. பிள்ளையில்லாதவர் வாழும் நாளில் பயனில்லை என்கிறான், அநியாயம். மேடையில் வாசிப்பவர்கள் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதும் இல்லை. இன்னொன்று, சிதறிய சோற்றைக் கூட்டியது யார், நெய்ப்பிசுக்கைக் கழுவியது யார்? ஐங்குறுநூற்றில் பேயனாரின் தலைவனும் மகன் சிறுதேர் உருட்டித் தள்ளாடி நடப்பதைக் கண்டு மகிழ்கிறான். அங்கேயும் பார்ப்பதோடு சரி. ஈரத்துணியோடு குனிந்த ஒரு தகப்பனைச் சங்கப் பாட்டுகளில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.