கூரை தாங்கிய கருடன்

பழைய பாலி மரச்சிற்பம் கண்ணில் பட்டால் முகத்தை விடுங்கள், முதுகைப் பாருங்கள். இறக்கை விரித்த சிங்கத்தின் முதுகில் சில சமயம் சதுரமாக ஒரு துளை தெரியும். கூரையின் நடுக்கால் வந்து இறங்கிய இடம் அது. அரண்மனை, கோயில் மண்டபங்களில் உத்தரத்தின்மேல் அமர்ந்து அந்தக் காலைத் தாங்குவதுதான் சிங்கத்துக்கும் திருமாலைச் சுமந்த கருடனுக்கும் வேலை. கிரிஸ் என்னும் குறுவாளைச் செருகிவைக்க அரக்கரும் அனுமனும் இருந்தார்கள். மூடிய கைக்குள் வாள் நுழைய வழி விட்டிருப்பார்கள். சும்மா நிற்கும் சிற்பம் அன்று அபூர்வம்.

இச்சிற்பங்கள் காட்டும் கதைகள் நமக்குத் தெரிந்தவைதாம். பாலிக்குப் போனது பழஞ்ஜாவானிய மொழி வழியாக. தாய் வினதையை மீட்க அமுதம் கவரும் கருடன், 10ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அம்மொழியில் எழுந்த ஆதிபர்வத்தில் இருக்கிறான். ஆனால் கடல் நாகத்தோடு மல்லுக்கட்டும் பீமனை வியாச பாரதத்தில் தேடிப் பயனில்லை. புனித நீர் தேடிக் கடலுக்குள் இறங்கி நவருசி என்னும் தெய்வத்தைச் சந்திக்கும் அந்தப் பீமன் ஜாவாவில் பிறந்தவன். வாசலுக்கு மேலே விழி பிதுங்கப் பார்க்கும் போமன் பூமிதேவியின் மகன். தீபாவளியன்று நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் காரணமான அதே நரகாசுரன். அங்கே அவனுக்குக் காவல் உத்தியோகம்!

மங்கிய வெற்று மரம்தான் பழமை என்று வாங்குவோர் பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலா போன்ற மரத்தில் செதுக்கி, எலும்பு வெள்ளை, சாதிலிங்கச் சிவப்பு, புகைக்கரி ஆகியவற்றைப் பசையில் குழைத்துப் பூசி, தங்க ரேக்கும் ஒட்டிய பிறகே வேலை முடிந்தது. ஆடை மடிப்பின் இடுக்கில் ஒட்டியிருக்கும் சிவப்புத் துணுக்கு, வழவழப்பான மேற்பரப்பைவிட நல்ல சாட்சி. மண்ணில் புதைத்தும் மழையில் போட்டும் புதுச் சிற்பத்துக்கு வயதேற்றுவது இன்று தனித் தொழில்.

உண்மையில் மிகப் பழையவை குறைவு. கறையானும் ஈரமும் மரத்தை விடுவதில்லை. பழுதானதைக் கழித்துவிட்டுப் புதிதாகச் செய்வதே ஊர் வழக்கம். 1906இல் பாடுங் அரசையும் 1908இல் குளுங்குங் அரசையும் டச்சுப்படை வீழ்த்தியதில் அரண்மனை ஆதரவு குலைந்தது. 1917 நிலநடுக்கம் எஞ்சிய கோயில்கள் பலவற்றைச் சாய்த்தது.

அதன்பின் வந்த புரவலர்கள் சுற்றுலாப் பயணிகள். பெட்டிக்குள் அடங்கும் அளவு, வண்ணமில்லாத மரம், நீண்டு மெலிந்த உடல் என்று சிற்பம் மாறியது. சந்தைச் சரக்காகச் சீரழியாமல் தரம் காக்க 1936இல் பாலியின் உபுத் ஊரில் ‘பித்த மகா’ என்னும் கலைஞர் சங்கம் எழுந்தது. உபுத் அரச வம்சத்துச் சுகாவதி குடும்பத்தார், ஐரோப்பிய ஓவியர்கள் வால்டர் ஸ்பீஸ், ருடால்ஃப் பொன்னெட், பாலிக் கலைஞர் லெம்பாட் ஆகியோர் அதன் தூண்கள். மாஸ் கிராமத்து இடா பாகுஸ் ஞானா உருவங்களை உருட்டித் திரட்டினார். சோகோட் முண்டு முடிச்சான வேர்களுக்குள்ளேயே பூதங்களைக் கண்டார். இவர்களைச் சீரழிவு என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் இவர்கள் செதுக்கியவை எந்தக் கூரையையும் தாங்கவில்லை. இரு காலத்துப் பொருள்களும் பின்னர் ஒன்றாகவே ஊர் திரும்பின: 2023இல் நெதர்லாந்து இந்தோனேசியாவுக்குத் திருப்பித் தந்த 478 பொருள்களில் பித்த மகா தொகுப்பின் 132 படைப்புகளும் குளுங்குங்கின் கிரிஸ் ஒன்றும் அடக்கம்.