ஜாக்கி தூக்கும், தாங்காது

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறைக்குள் நுழைந்தால் மூலையில் குவிந்து கிடக்கும் கட்டைகள் கண்ணில் படும். பாடி கட்டியபோது மிஞ்சிய மரத்துண்டுகள் அவை. கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கும், ஓரங்கள் நசுங்கியிருக்கும். முன் அச்சைக் கழற்றும் நாளில் அவற்றுக்கு வேலை வரும். ஜாக்கி தூக்கிக் கொடுக்க, கட்டை தாங்கிக்கொள்ளும். பழைய அம்பாசிடரோ பத்மினியோ முன் சக்கரங்களின் அடிச்சட்டமான சப்ஃபிரேமை மாற்ற வந்து நின்றாலும் கை தானாக அந்தக் குவியலுக்குத்தான் போகும். லாரிக்குக் கற்ற தாங்கல் முறை பழைய காருக்குச் சரிப்படுமா? பாதி சரிப்படும். மீதிப் பாதி ஆளைக் கொல்லக்கூடியது.

கட்டையின் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மரம் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் உடையும். எடை மீறினால் நசுங்கும், முனகும். கீழே படுத்திருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் விலக நேரம் கிடைக்கலாம். ஹாலோ பிளாக் கல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. பரவலாக இறங்கும் சுவரின் எடையைத் தாங்கும் அதே கல், ஒரு புள்ளியில் இரும்பு குத்தி நின்றால் சத்தம் காட்டாமல் பிளந்துவிடும். கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் எடை பரவுகிறது. இரும்பு ஸ்டாண்டின் கால் மழைக்கு ஊறிய செம்மண் தரையில் இறங்கிவிடும். அகலமாக அடுக்கிய கட்டை அவ்வளவு எளிதில் இறங்காது. உலகெங்கும் இடிபாடுகளுக்குள் நுழையும் மீட்புப் படையினர் நம்புவதும் இதே அடுக்கைத்தான். ஆகவே கட்டையைப் பழம்பழக்கம் என்று ஒதுக்குவது அறியாமை.

குறை கட்டையில் இல்லை, அதை வைக்கும் விதத்தில் இருக்கிறது. "ஜாக்கிய நம்பித் தலைய உள்ள விடாத தம்பி" என்று பையன்களுக்குச் சொல்லாத மேஸ்திரி இருக்க மாட்டார். ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டி நிற்பது எண்ணெயின் மேல். அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீல். இது தெரிந்திருந்தும், அவசரத்தில் கட்டையை அடியில் தள்ளிவிட்டு, ஜாக்கியை இறக்காமலே வேலை தொடங்கிவிடுகிறோம். கட்டைக்கும் வண்டிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அந்தக் கட்டை எதையும் தாங்கவில்லை, சாட்சிக்கு நிற்கிறது. சீல் போனால் வண்டி முதலில் அந்த இடைவெளியைக் கடந்து விழும். விழுகிற வேகத்தில் அடுக்கு சரியவும் கூடும். ஜாக்கியை மெல்ல இறக்கி, எடை முழுவதும் கட்டையில் உட்கார்ந்த பிறகுதான் தாங்கல் என்ற பேச்சே வரும்.

அடுத்த குறை ஆழமானது. லாரிக்கு முதுகெலும்பாக இரண்டு நீண்ட சேஸ் சட்டங்கள் ஓடுகின்றன. அவற்றின் அடியில் ஏறக்குறைய எங்கே கட்டை கொடுத்தாலும் தாங்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் தனி சேஸ் உண்டு என்பதால் லாரிக்கார யோசனை அங்கே ஓரளவு எடுபடும். அம்பாசிடரும் பத்மினியும் வேறு சாதி. அவற்றில் தளத்தகடும் கதவுக்கடியில் ஓடும் பெட்டித் தகடும் சேர்ந்து உடம்பே சேஸாக வேலை செய்கிறது. அம்பாசிடர் உற்பத்தி உத்தர்பாரா ஆலையில் 2014இல் நின்றது. பத்மினி நின்று அதைவிட அதிகக் காலமாகிறது. இத்தனை ஆண்டுத் துரு அந்தப் பெட்டித் தகட்டை உள்ளிருந்து தின்றிருக்கும், வெளியே பெயிண்ட் மட்டும் பளபளக்கும். கட்டை வைக்கும் முன் அந்த இடத்தைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் அது தாங்குமிடம் இல்லை.

லாரிப் பழக்கம் கவனிக்கத் தவறுவது இன்னொன்று உண்டு: வேலை நடக்க நடக்க எடை இடம் மாறுகிறது. தாங்கலைக் காரின் நடுப்பக்கமாக வைத்துவிட்டால், இன்ஜின் இருக்கும்வரை மூக்கு கவிழப் பார்க்கும். நான்கு சக்கரத்தையும் தூக்கி, பின் தாங்கலையும் முன்தள்ளி வைத்திருந்தால், இன்ஜினும் சப்ஃபிரேமும் வெளியே வந்ததும் வால் இறங்கும். காலையில் அசையாமல் நின்ற கார் மாலையில் ஆடுவது இதனால்தான். முன்புறம் மட்டும் உயர்த்தி, பின் சக்கரங்களைத் தரையில் விட்டு, அவற்றுக்கு இருபுறமும் அண்டை கொடுப்பதே நல்லது. இந்தக் கார்களில் கைபிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்புறத்தைத் தூக்கினால் அதுவும் கைவிட்டுவிடும். இன்ஜின் மவுண்ட் சப்ஃபிரேமில் இருந்தால், கழற்றுமுன் இன்ஜினை மேலிருந்து பிடித்தாக வேண்டும். வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டும் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். கிளைக்குள் இருக்கும் பொந்தை யார் பார்த்தது? அம்பாசிடரில் நீண்ட காலம் முன் சக்கரங்களைத் தாங்கியது முறுக்குக் கம்பியான டார்ஷன் பார். அதன் முறுக்கைத் தளர்த்தாமல் போல்ட்டில் கை வைப்பது, இழுத்துப் பிடித்த வில்லின் எதிரே முகத்தை நீட்டுவது.

அப்படியானால் இரும்பு ஸ்டாண்ட் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? 2020இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரைட் நிறுவனம் தான் விற்ற பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. எடை ஏறிய நிலையில் அசைந்தால் பல் விடுபட்டுச் சட்டென்று இறங்கிவிடலாம் என்பது காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை கண்டு, அதே ஆண்டில் அவற்றையும் திரும்பப் பெற நேர்ந்தது. ஸ்டாண்டின் பலம் அளந்து சொல்லக்கூடியது, கட்டைக்கு அது இல்லை. ஆனால் இரண்டில் எதையும் தனியாக நம்ப முடியாது. கான்கிரீட் தரையில் ஸ்டாண்ட் நிற்கட்டும், பக்கத்திலேயே கட்டை அடுக்கும் ஏறட்டும். கழற்றிய சக்கரங்கள் காரின் அடியில் படுத்திருக்கட்டும். மூன்றும் ஏறிய பிறகு, உள்ளே நுழையுமுன் காரைத் தோளால் தள்ளிப் பார்க்க வேண்டும். துருவேறிய போல்ட்டை நீளக்குழாய் போட்டு இழுக்கும்போது வரும் விசை அந்தத் தள்ளலைவிடப் பெரியது.

தேர்ந்த மேஸ்திரியின் கண் இத்தனையையும் பார்த்துவிடும். ஆனால் அது அவர் கண்ணோடு நின்றுவிடுகிறது. அவர் டீ குடிக்கப் போன கால்மணி நேரத்தில் உள்ளே படுத்திருப்பவன் பையன். தாங்குமிடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டுவதும், எந்தப் போல்ட் கழன்றபின் எங்கே கட்டை சேர்க்க வேண்டும் என்று சுவரில் எழுதிவைப்பதும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பட்டறைப் பழக்கம் இன்னும் சேர்த்துக்கொள்ள வேண்டியது இவற்றைத்தான்.

தாங்கல் சரியா என்பதைக் கடைசியில் காரே சொல்லும். தவறான இடத்தில் முட்டுக் கொடுத்திருந்தால் உடம்பு கொஞ்சம் தொய்ந்திருக்கும், புது சப்ஃபிரேமின் துளைகள் சேராது. உடனே கடப்பாரை வரும், நெம்பல் வரும், கார் ஆடும். புது சப்ஃபிரேமைத் தூக்கிப் பொருத்தும்போது முதல் போல்ட் ஸ்பேனர் தேவைப்படாமல் விரலாலேயே ஏறினால், அடியில் படுத்திருப்பவர் காலையிலிருந்தே பத்திரமாக இருந்திருக்கிறார் என்று பொருள்.