பொட்டலத்துக்குள் ஒரு புஸ்தகம்

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் மாலை வந்து நின்றான். "மாமா, நானே வீட்டிலே வெச்சுக் கட்டற மாதிரி ஒரு எலெக்ட்ரானிக் கிட் வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்கட்டும்?" என்றான். நாவல் எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வி அல்லதான். ஆனால் என் மேஜையிலே காகிதக் கட்டுக்குப் பக்கத்தில் ஸோல்டரிங் அயர்னும் கிடப்பதை அவன் பார்த்திருக்கிறான்.

"முதலில் கையேட்டைப் படி. படிக்க நன்றாயிருந்தால் பெட்டியை வாங்கு" என்றேன். அவனுக்கு இது பதிலாகவே படவில்லை. கையேடு என்பது பெட்டியோடு இலவசமாக வருகிற காகிதம். அதற்கு என்ன யோக்கியதை வேண்டும்? பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதுவும் ஓர் எழுத்துதான், அதிலும் நல்லது கெட்டது உண்டு என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

இந்த வகை எழுத்தில் முதலிடத்தை ஹீத்கிட் கையேடுகளுக்கே கொடுப்பேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பென்டன் ஹார்பர் என்ற சிறு ஊரிலிருந்து வந்தவை அவை. கம்பெனியை ஆரம்பித்த எட்வர்ட் ஹீத், வாங்குகிறவர்களே கட்டிக்கொள்ளும் விமானங்களை விற்றவர். 1931-ல் ஒரு விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விழுந்து இறந்துபோனார். பிற்பாடு கம்பெனியை வாங்கிய ஹவார்ட் ஆன்தனி, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ராணுவத்தில் மிஞ்சிய எலெக்ட்ரானிக் சாமான்களை மலிவாக வாங்கிப் போட்டு, 1947-ல் ஒரு ஆஸிலோஸ்கோப்பைத் தனித்தனிப் பாகங்களாக 39 டாலர் 50 செண்டுக்கு விற்றார். தயாராகக் கிடைத்ததற்கு அதைப்போல் பல மடங்கு விலை. அதற்கப்புறம் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், கலர் டெலிவிஷன், 1977-ல் கம்ப்யூட்டர் என்று எல்லாம் பொட்டலமாக வந்தன.

அந்தக் கையேட்டின் நடையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு வெற்று அடைப்புக்குறி. காரியத்தை முடித்ததும் அதற்குள் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு காரியம்தான். கம்பியை இத்தனை அங்குலம் வெட்டு; இந்த முனையில் மாட்டு; ஆனால் இப்போது பற்றவைக்காதே. 'பற்றவைக்காதே' என்பதற்கு இரண்டே எழுத்தில் ஒரு குறி. நாலைந்து பக்கம் தள்ளி, அதே முனைக்கு இன்னொரு கம்பி வந்து சேரும். அப்போது 'பற்றவை' என்ற குறியும், பக்கத்திலேயே 2 என்ற எண்ணும் இருக்கும். அந்த இடத்தில் இரண்டு கம்பிகள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். எண்ணிப் பார்த்து ஒன்றுதான் இருக்கிறதென்றால், எங்கோ ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டோம் என்பது ஈயம் உருகுவதற்கு முன்பே தெரிந்துவிடும். மூன்றாம் அத்தியாயத்தில் விட்ட இழையை இருபதாம் அத்தியாயத்தில் மறந்துவிடாமல் எடுக்கத் தெரிந்த நாவலாசிரியர்கள் நம்மிடையே எத்தனை பேர்? (என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.)

இதைவிட நான் ரசித்தது, கட்டியது வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்ற பகுதி. பல கையேடுகளில் இந்த யோசனையைப் பார்க்கலாம்: வயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் படத்தில் கலர் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வா, பிறகு ஒரு சிநேகிதரைக் கூப்பிட்டுக் காட்டு, கட்டினவன் கண்ணுக்குத் திரும்பத் திரும்பத் தப்புகிற பிழை, இதில் பழக்கமில்லாதவர் கண்ணில் படக்கூடும். பழுதென்று கம்பெனிக்குத் திரும்பி வருகிறவற்றில் சுமார் 90 சதவீதம் பற்றவைப்பு சரியில்லாதவையே என்றும் சொல்லியிருந்தார்கள். தோற்று உட்கார்ந்திருப்பவனைக் குற்றவாளியாக்காமல், அவனுக்குக் கூட்டமும் உண்டு, வழியும் உண்டு என்று சொல்கிற குரல் அது.

குறையும் உண்டு, சிறிய குறை அல்ல. பற்றவைக்கும் பக்கங்களில் 'ஏன்' என்ற கேள்விக்கு இடமே இல்லை. ஸர்க்யூட்டின் விளக்கம் தனியாக ஒரு பகுதியில் இருக்கிறது. அதைத் திறக்காமலே முழு ஆம்ப்ளிஃபயரையும் கட்டி முடித்துப் பாட்டுக் கேட்கலாம். கைக்குத் தொழில் வந்துவிடும். மூளை வெளியே நிற்கும். இதற்கு மாற்று மருந்து ஃபாரஸ்ட் மிம்ஸ் 1983-ல் எழுதிய சிறு புஸ்தகம். எலெக்ட்ரானிக்ஸை ஆரம்பிப்பவர்களுக்காக எழுதியது; ரேடியோ ஷாக் கடைகளில் விற்றது. அச்சுக் கோக்காமல், கையாலேயே எழுதிக் கையாலேயே படம் போட்டது. ஒரு பக்கத்தில் ஒரு விஷயம். டிரான்ஸிஸ்டர் என்ன செய்கிறதென்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருக்கும். ஆனால் இந்த வயரை இங்கே மாட்டு என்று கூடவே வந்து கையைப் பிடிக்காது.

ஹீத் கம்பெனி 1992-ல் கிட் வியாபாரத்தை நிறுத்திவிட்டது. தொழிற்சாலையில் இயந்திரமே பாகங்களைப் பொருத்தத் தொடங்கியபின் தயார்ச் சாமான் மலிந்துவிட்டது; கூலி மிச்சம் என்று சொல்லி யாரையும் இழுக்க முடியவில்லை. இன்று வருகிற பொட்டலங்கள் பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல, கற்றுக்கொள்வதற்காகவே என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. அப்படியானால் கையேட்டைத்தானே முதலில் கவனித்திருக்க வேண்டும்?

சென்ற வருஷம் நான் வாங்கிய ஒரு ரேடியோ கிட்டில் இருந்தது ஒரே காகிதம். முதல் ரெஸிஸ்டரைப் பொருத்துவதற்கு மூன்று கலர் படங்கள். அடுத்த வரியிலேயே, மீதிப் பாகங்களையும் இதேபோல் பொருத்திக்கொள்ளவும் என்று முடித்துவிட்டார்கள். மீதி என்பது முப்பதுக்கு மேல். எலெக்ட்ரோலிடிக் கபாஸிடருக்கு பாஸிடிவ், நெகடிவ் என்று இரண்டு கால் உண்டென்பதைக் காகிதமும் சொல்லவில்லை, பலகையிலும் அச்சிடவில்லை. ஊகித்து மாட்டினேன். அது பட்டென்று வெடித்து, அறை முழுக்க மீன் கருகின நாற்றம். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

பையன் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தான். பழைய ஹீத்கிட் கையேடு ஒன்றின் நகலை எங்கிருந்தோ பிடித்துப் படித்திருக்கிறான். "எல்லாம் பிரமாதம் மாமா. ஆனா இந்தக் கம்பி எதுக்கு இங்கே வருதுன்னு சொல்லவே இல்லையே?" என்றான்.

மிம்ஸின் புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் எதையும் வாங்கவில்லையாம். புஸ்தகமும் இன்னும் திரும்பி வரவில்லை.