இலையும் பத்தியமும்: கல்லீரல் கொழுப்பு நோய்க்கு மூலிகை — ஒரு திறனாய்வு

மூலிகையிடத்துத் தமிழர் கொண்ட பற்று நெடுங்காலத்தது. அறநூல்களுக்குப் பெயர் சூட்டப் புகுந்த பழம்புலவர் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்துப் பெயர்களையே தேர்ந்தனர். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் உடல்நோய் தீர்ப்பதுபோல, செய்யுள்தோறும் வரும் மூன்று கருத்துகளும் உளநோய் தீர்க்கும் என்பது திரிகடுகம் என்னும் பெயரின் குறிப்பு. இத்தகைய மரபில் வந்தவர், ஒரு நோயின் பெயரைக் கேட்டவுடன் அதற்குரிய பச்சிலை யாது என வினவுதல் இயல்பே. அவ்வினா தவறன்று. விடை கூறுவோர் எதனைச் சான்றாகக் காட்டுகின்றனர் என்பதே ஆராயத்தக்கது.

அண்மைக் காலத்தில் அவ்வாறு மிகுதியும் வினவப்படுவது கல்லீரல் கொழுப்பு நோய். மருத்துவர் ‘ஃபேட்டி லிவர்’ என்று கூற, மக்களும் அப்பெயராலேயே வழங்குகின்றனர். மது தொடாதவரையும் இது பற்றும். சோறு, மாவுப் பண்டம், இனிப்புப் பானம், எண்ணெய்ப் பலகாரம் ஆகியவை உடல் செலவிடும் அளவினும் மிகும்போது, மிகுந்தது கொழுப்பாகிக் கல்லீரல் அணுக்களில் தேங்குகின்றது. ஈரலில் நூற்றுக்கு 5 பங்கிற்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது நோய் எனப்படும். பலர்க்கு அது அவ்வளவில் நின்றுவிடும். சிலர்க்கோ அழற்சி தோன்றி, தழும்பு ஏறி, ஈரல் சுருக்கத்திலோ புற்றிலோ சென்று முடியும். 2023இல் பன்னாட்டு வல்லுநர் இந்நோய்க்குப் புதுப்பெயர் இட்டபோது, உடலின் வளர்சிதைமாற்றக் கோளாறே இதன் வேர் என்பதை அப்பெயரிலேயே பொதிந்து வைத்தனர்.

சிங்கப்பூரின் வடபால் உள்ள ஈசூன் வட்டாரத்தின் வரலாறு இந்நோயின் பிறப்பை நன்கு விளக்கும். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெருஞ்செல்வரான லிம் நீ சூன் என்பாரின் பெயரே, சீனப் பொதுமொழியின் ஒலிப்பில் ஈசூன் ஆயிற்று. அவ்வட்டாரத் தோட்டங்களிலும் அடுத்திருந்த செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தமிழர் உடல் வருந்த உழைத்தனர். அவ்வுழைப்பிற்கு ஏற்ற அளவில் சோறு உண்டனர். தோட்டங்கள் மறைந்தன. 1971இல் பிரிட்டிஷ் படையும் விடைபெற்றது. பின்னர் அங்கே அடுக்குமாடி நகரம் எழுந்தது. மின்தூக்கியும் ரயிலும் நாற்காலி வேலையும் வந்தன. உண்கலத்தின் அளவு மட்டும் தாத்தா காலத்து அளவாகவே நின்றது. அதனோடு சீனி மிகுந்த தேநீரும் பரோட்டாவும் சேர்ந்துகொண்டன. தெற்காசியர்க்கு உடல் பெரிதும் பருக்காமலே வயிற்றிலும் உள்ளுறுப்புகளிலும் கொழுப்பு சேரும் இயல்பு உண்டு. ஆதலின் ஒல்லியாகத் தோன்றுவோரும் இந்நோய்க்கு விலக்கல்லர். சிங்கப்பூர் அரசு 2016இல் நீரிழிவின்மீது போர் அறிவித்தது. புட்டிப் பானங்களை அவற்றின் சர்க்கரை அளவு நோக்கி ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் முறை 2022 டிசம்பர் 30 முதல் நடப்பிற்கு வந்தது. நீரிழிவும் ஈரல் கொழுப்பும் ஒருவேரில் கிளைத்தவை என்பதை மறத்தல் கூடாது.

மருத்துவமனையில் இந்நோயின் பெயரைக் கேட்டு வீடு திரும்புபவரை உற்றார் உறவினர் வாயிலாக வந்தடையும் அறிவுரை, பெரும்பாலும் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, சீந்தில் என்பதாகவே உள்ளது. அவ்வறிவுரையை ஒரு வாதமாக வகுத்துப் பார்த்தால் மூன்று தூண்கள் தெரிகின்றன. பழநூல் கூறிற்று என்பது ஒன்று. பட்டறிவு காட்டிற்று என்பது மற்றொன்று. இன்றைய அறிவியலும் மெய்ப்பித்தது என்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குதல் தகும்.

நூற்சான்று

கீழாநெல்லியைச் சித்த மருத்துவ நூல்கள் போற்றுவது உண்மை. எந்த நோய்க்குப் போற்றுகின்றன? காமாலைக்கு. கண் மஞ்சளித்தல், நீர் மஞ்சளித்தல், உண்டி வெறுத்தல் முதலிய குறிகளைக் கண்ணாற் கண்டு பெயரிடப்பட்ட நோய் காமாலை. ஈரல் கொழுப்போ தொடக்கத்தில் எக்குறியும் காட்டாதது. நுண்ணோக்கியும் பின்னர் அல்ட்ராசவுண்ட் கருவியும் வந்த பிறகே உயிருடன் உள்ளவரிடத்து அதனை அறிய முடிந்தது. ஆகவே, ‘ஈரலுக்கு நல்லது’ என்னும் ஒரு சொற்றொடரைப் பாலமாக்கிக் காமாலை மருந்தை இந்நோயின்மேல் ஏற்றுவது உரைகாரர் செய்யத் துணியாத செயல். ஒருறுப்பில் தோன்றுவன எல்லாம் ஒருநோய் ஆகா.

பழநூலில் இந்நோய்க்கு அணிமையான செய்தி இல்லையோ எனின், உண்டு. ஆனால் அது காமாலைப் பகுதியில் இல்லை. மதுமேகப் பகுதியில் உள்ளது. நீரிழிவின் காரணங்களைக் கூறுமிடத்துச் சித்தர் நூல்கள் ஊனும் நெய்யும் பாலும் அளவிறந்து உண்ணுதலைச் சுட்டுகின்றன. உணவின் மிகுதியே நோயாகும் என்னும் கருத்து அங்கே தெளிவாக நிற்கின்றது. மூலிகை கூறுவோர் பழநூலை நம்பியது குற்றமன்று. தமக்கு வேண்டிய பக்கத்தை விட்டு வேறு பக்கத்தைப் புரட்டியதே குற்றம்.

பட்டறிவுச் சான்று

‘கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன், மஞ்சள் இறங்கிற்று’ என்று கூறுவோர் ஊர்தோறும் உளர். அவர்கள் பொய்யுரைப்பவரல்லர். ஆயினும் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் வரும் காமாலைகளுட் பல, மாசுற்ற நீராலும் உணவாலும் பரவும் ஏ வகைக் கிருமியால் வருவன. அவை சில வாரங்களில் பெரும்பாலும் தாமே நீங்கும். மருந்துண்ட காலமும் நோய் நீங்கும் காலமும் ஒன்றாக அமைந்தால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே.

காமாலைக்காவது மஞ்சள் நிறம் ஓர் அளவுகோலாக இருந்தது. ஈரல் கொழுப்புக்கு அத்தகைய புறக்குறி இல்லை. பொடி உண்டவர், ‘உடல் இலேசாயிற்று’ என்பதைக் கொண்டு நோய் தீர்ந்தது எனத் தாமே முடிவு செய்கின்றனர். அதே காலத்தில் அவர் எண்ணெயைக் குறைத்ததையும் மாலையில் நடந்ததையும் கணக்கில் சேர்ப்பதில்லை. புகழனைத்தும் பொடிக்கே போய்ச் சேருகின்றது.

அறிவியற் சான்று

மூன்றாம் தூண் சற்று விரிவாக ஆராயத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் அறிஞர் எஸ். பி. தியாகராஜனும் அவர்தம் குழுவினரும் கீழாநெல்லி பற்றி எழுதிய ஆய்வு, 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. மஞ்சட்காமாலை பி வகைக் கிருமியைத் தாங்கியிருந்தோருள் 37 பேர்க்கு அம்மூலிகைப் பொடியை 30 நாள் அளித்தனர். 22 பேரிடத்துக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப்பொடி உண்ட 23 பேருள் ஒருவர்க்கே மறைந்தது. தமிழ்நாட்டுப் பச்சிலை உலக அரங்கேறியது என மகிழ இடமிருந்தது.

ஆனால் அறிவியலில் ஒருமுறை கண்டது முடிவாகாது. தாய்லாந்தில் செய்து 1990இல் வெளியிட்ட சோதனையிலும், நியூசிலாந்தில் செய்து 1994இல் வெளியிட்ட சோதனையிலும் அப்பயன் கிட்டவில்லை. இலையின் அடையாளமும் ஒரு சிக்கலாகும். தென்னிந்தியக் கடைச்சரக்கை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த கட்டுரை, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் வேறு நெல்லியினங்கள் இருந்ததைக் காட்டிற்று. இவற்றையெல்லாம் விடுத்து 1988ஆம் ஆண்டுச் செய்தியை மட்டும் இன்றும் மேற்கோள் காட்டுவது, வழக்கில் ஒரு பக்கச் சாட்சியை மட்டும் கேட்பதை ஒக்கும். மேலும், அந்த ஆய்வு கிருமியைப் பற்றியது, கொழுப்பைப் பற்றியதன்று.

கொழுப்பு நோய்க்கே மூலிகையை முறையாகச் சோதித்த முயற்சியும் அண்டையிலேயே நடந்துள்ளது. மேலைநாட்டார் ஈரல் மருந்தாகப் போற்றும் ஒருவகை முட்செடியின் விதைச் சாறு ‘சிலிமரின்’ எனப்படும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தார், அழற்சியோடு கூடிய ஈரல் கொழுப்புடைய 99 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு 700 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மும்முறை 48 வாரம் கொடுத்தனர். 2017இல் முடிவு வெளியாயிற்று. முதன்மையாக எதிர்பார்த்த முன்னேற்றம் மருந்துண்டாருள் 32.7 விழுக்காட்டினர்க்கும், வெற்றுமருந்து உண்டாருள் 26 விழுக்காட்டினர்க்கும் கிடைத்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. தழும்பு குறைவதில் மட்டும் சிறிது நம்பிக்கை தோன்றியது. அதனைப் பெரிய சோதனையால் உறுதி செய்தல் வேண்டும் என ஆய்வாளரே எழுதினர். ஐயத்தை ஐயமென்றும் துணிவைத் துணிவென்றும் பிரித்துரைத்த அவர்தம் நேர்மை பாராட்டற்குரியது. மூலிகை விளம்பரங்களில் காணக் கிடையாத பண்பு அது.

விடுபட்ட பாதி

மூன்று தூண்களும் தளர்ந்த பின்னும் ஒன்று எஞ்சுகின்றது. சித்த மருத்துவர் எக்காலத்தும் இலையைத் தனியே கொடுத்ததில்லை, பத்தியத்தோடு கொடுத்தனர். எண்ணெய் நீக்கு, புளி நீக்கு, ஊன் நீக்கு, மோரும் கஞ்சியும் கொள் என்றனர். இன்று இலை மட்டும் மாத்திரையாகிக் கடைக்கு வந்துள்ளது. பத்தியம் ஏட்டிலேயே நின்றுவிட்டது. கல்லீரல் கொழுப்பைப் பொறுத்தவரை உண்மையான மருந்து, விட்டுவிட்ட அந்தப் பாதியே ஆகும்.

இதற்குச் சான்று வலிமையானது. கியூபா நாட்டில் 293 நோயாளரை ஓராண்டு உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. உடல் எடையில் நூற்றுக்கு 10 பங்கு குறைத்தவருள் 90 விழுக்காட்டினர்க்கு அழற்சி நோய் நீங்கிற்று. 45 விழுக்காட்டினர்க்குத் தழும்பும் குறைந்தது. 70 கிலோ எடையுள்ளவர் 7 கிலோ குறைத்தல் இதன் பொருள். ஆனால் அவ்வளவு குறைத்தவர் பத்தில் ஒருவரே. பத்தியம் அரிது, ஆதலாலேயே பொடி இனிக்கின்றது. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு இந்நோய்க்கென முதன்முதலாக ஏற்ற ‘ரெஸ்மெட்டிரோம்’ என்னும் மருந்தும், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் உடனிருக்க உண்ணவேண்டுவது என்றே விதிக்கப்பட்டுள்ளது. புது மருந்தும் பத்தியத்தை விடவில்லை என்பது நோக்கத்தக்கது.

தீங்கு இல்லை என்பது சரியா?

‘பயன் இல்லாவிடினும் தீங்கு இல்லையே’ என்பார் உளர். இதுவும் ஏற்கத்தக்கதன்று. கொரோனாக் காலத்தில் இந்தியாவில் சீந்தில் மிகுதியாக உண்டு ஈரல் கெட்ட 43 பேரைப் பற்றிப் பல மருத்துவமனையார் சேர்ந்து 2022இல் எழுதினர். குழம்பிலிடும் மஞ்சள் வேறு. மிளகுச் சத்தோடு செறிவாக்கிய மஞ்சள் மாத்திரை வேறு. பின்னதால் ஈரல் அழற்சி உற்றவர் உளர். சிங்கப்பூரிலேயே 2002இல், சீன மூலிகை என்று விற்கப்பட்ட ‘ஸ்லிம் 10’ என்னும் மெலிவு மாத்திரையில் சொல்லாமற் கலந்த இரசாயனம் கண்டறியப்பட்டது, அதனை உண்டோர் ஈரல் செயலிழந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. இவற்றினும் பரவலான தீங்கு வேறொன்று. பொடி உண்கிறோம் என்னும் நிறைவில் மருத்துவரிடம் மீளச் செல்லாது விடுகின்றனர். வலியில்லாத நோய் அந்த இடைவெளியில் தழும்பாக முதிர்கின்றது.

இவ்வாறு கூறுவதால் மூலிகையே வீண் என்பது கருத்தன்று. சீன அறிஞர் தூ யூயூ, ஏறத்தாழ 1,600 ஆண்டுப் பழைமையுடைய ஒரு மருத்துவ நூலைப் படித்து, பச்சிலையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன குறிப்பைப் பற்றிக்கொண்டு மலேரியா மருந்து கண்டார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். அவர் நூலை ஊன்றிப் படித்தார், கண்டதைச் சோதித்தார், பின்னரே கூறினார். தமிழ் மருத்துவ ஏடுகளுக்கும் அத்தகைய வாசகர் தேவை. ‘எல்லாம் நம் முன்னோர் கண்டது’ என்னும் பெருமித உரை, அந்த ஏடுகளைப் படிக்கும் கடமையிலிருந்து தப்பும் வழியாகிவிடுகின்றது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒன்று நினைவில் வைத்தல் நலம். அப்பத்துப் பாக்களுள் ஒரு பச்சிலையின் பெயரும் இல்லை. 942 முதல் 947 வரையுள்ள ஆறும் உண்ணும் அளவையும் காலத்தையும் பொருத்தத்தையும் பற்றியன. மருத்துவன், மருந்து ஆகியோர் இறுதியிலேயே வருகின்றனர். இவ்வடைவு தற்செயலன்று எனக் கொள்ள இடமுண்டு.

ஈசூனில் 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனையின் மேற்கூரையில், அவ்வட்டாரத் தொண்டர் பேணும் தோட்டம் உள்ளது. கீரையும் காயும் கனியும் மூலிகையும் அங்கே ஒருங்கு வளர்கின்றன. அத்தோட்டத்துக் கீரையைத் தட்டில் பாதியளவு நிரப்பி, சோற்றைக் கால்பங்காக்கி, இனிப்புத் தேநீருக்கு மாற்றாகச் சீனியில்லாக் கோப்பி ஓ கோசோங் பருகி, நாளும் குளக்கரையைச் சுற்றி நடப்பவர் மூலிகையைப் புறக்கணித்தவராகார். இலையை அதற்குரிய இடத்தில் வைத்தவராவார். மூலிகை கூறும் எவரிடத்தும் தமிழாசிரியர் மூன்று வினாக்களைக் கேட்க மாணவரைப் பழக்கலாம்: எந்த நூல், எந்த நோய்க்கு, எந்தப் பத்தியத்தோடு? இம்மூன்றிற்கும் விடை தராத பொடியைக் கடையிலேயே விட்டுவரலாம்.